பால்மாப் பேணிக்குள் இருந்த வால்வு

1. ட்ரக்டரில் கட்டி இழுத்த வேன்

வியாழக்கிழமை காலை குறிஞ்சாக்கேணிக்குப் போய்ச் சேர்ந்தபோது நஸீர் நானாவின் டொல்பின் வேன் முற்றத்தில் நின்றது. முதல்நாள் கிண்ணியாப் பாலத்தடியில் கொதித்து நின்றுபோனதை யாரோ ட்ரக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்து விட்டிருந்தார்கள். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. இஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் தண்ணீரையும் ஒயிலையும் பிரித்து வைக்கிற ஹெட் கஸ்கட் எரிந்து, தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கியிருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பத்தைந்து வருடமாக டீசல் இஞ்சின் வேலை. கந்தளாய், வவுனியா, தம்புள்ளை, கட்டார், பிறகு திருகோணமலை. எந்தக் கராஜிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. கால் நிற்காது. இப்போது இரண்டு பை சாமானோடு வீடு வீடாகப் போய் வேலை செய்கிறேன். இங்கே மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், என்னையும் அப்படித்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நஸீர் நானாவின் மகள் சஜ்னாவுக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. தள்ளுவண்டிக் கதிரையில்தான் எல்லாம். திருகோணமலை நகரத்தில், கீழ்த்தளத்தில் வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடம் ஒன்றைத் தேடிச் சேர்த்திருந்தார்கள். அதற்காகவே நானா அந்தப் பழைய வேனை வாங்கி, பக்கக் கதவில் சாய்பலகை வைத்து, முன் சீட்டுகளுக்குப் பின்னால் கதிரையைக் கட்ட வேன் தரையில் கொளுக்கிகள் ஒட்டுவித்திருந்தார். அவள் தன் கையால் சக்கரத்தைத் தள்ளி ஏறுவாள், தன் கையால் இறங்குவாள்.

போன வருடம் உயர்தரப் பரீட்சையின் இரண்டாம் நாள் இதே வேன் சீனக்குடாவுக்குக் கிட்டக் கொதித்து நின்றது. அவள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்திவிட்டது. உள்ளே விடவில்லை. ஒரு வருடம் அப்படியே போனது. இந்த வருடப் பரீட்சை வரும் திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம்.

வாடகைக்கு ஒரு வேன் பிடிக்கலாமே என்று கேட்டேன்.  கதவடியில் கதிரையில் இருந்த சஜ்னாதான் சொன்னாள்.

“மூணு கிழமையும் ஆரோ ஒரு ட்ரைவர் என்னை மூட்டை மாதிரித் தூக்கி ஏத்தி இறக்குவார். பரீட்சை மண்டப வாசல்ல, எல்லாரும் பார்க்க. ஏலாது பாஸ்.”

வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அடுத்த வருடம் எழுதலாம்தானே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது நானா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு முன்பு இரண்டு மெக்கானிக்மார் பார்த்திருந்தார்கள். ஒருவர் வேறொரு பழைய ரேடியேட்டரை மாட்டினார். மற்றவர் வாட்டர் பம்பை மாற்றினார், பிறகு இஞ்சினையே மாற்றச் சொன்னார். இரண்டு பேரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான்: பழைய வண்டி, ஓட்டுகிற ஆளும் சரியில்லை. நானா பன்னிரண்டு வருடம் மீன் லொறி ஓட்டியவர்.

2. முள்

டொல்பின் வேனின் இஞ்சின் முன் சீட்டுகளுக்கு அடியில் இருக்கும். சீட்டைப் புரட்டி இஞ்சின் மூடியைக் கழற்றினேன். ஒரு மணித்தியாலம் முன்னாலும் பின்னாலும் ஊர்ந்து பார்த்தேன். நானாவிடம் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, புகை என்ன நிறம், எந்தக் கியரில் கொதிக்கிறது. அவர் றோட்டைப் பார்த்து ஓட்டுகிறவர். பாதிக்குப் பதில் தெரியவில்லை.

“என்னட்ட ஒருத்தரும் கேக்கிறல்ல” என்றாள் சஜ்னா.

நான் திரும்பினேன்.

“வாப்பா றோட்டைப் பார்ப்பார். சூடு காட்டுற முள்ளைப் பார்த்துக்கொண்டு வாறது நான்தான். காலையில முள் எழும்பவே எழும்பாது. பாலம் தாண்டும் வரைக்கும் அடியிலயே கிடக்கும். பிறகு ஏறத் தொடங்கினா நிக்கிறதே இல்லை. என்ட மாமாட வண்டியில அஞ்சு நிமிசத்தில பாதிக்கு வந்து அங்கேயே நிக்குது. எங்கட முள்ளு நடுவுல நிண்டதை நான் ஒருநாளும் காணல்ல.”

இரண்டு மெக்கானிக்மாரும் இந்தப் பிள்ளையின் தலைக்கு மேலாலேயே கதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் ஒரு மணித்தியாலம் அதைத்தான் செய்தேன்.

அவள் சொன்னதில் நோய் முழுக்க இருந்தது. இஞ்சினின் தண்ணீர்ப் பாதையில் தேர்மோஸ்டட் வால்வு என்று ஒன்று இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்குகிற பித்தளைச் சாமான். தண்ணீர் குளிராக இருக்கும்போது ரேடியேட்டர் பாதையை மூடி வைத்திருக்கும். சூடு ஏறியதும் அதைத் திறந்துவிட்டு, தன் அடித்தட்டால் பக்கத்திலுள்ள குறுக்குப் பாதையை அடைத்துவிடும். அப்போதுதான் தண்ணீர் முழுவதும் ரேடியேட்டருக்குள் போய்க் குளிர்ந்து வரும். வால்வு இல்லையென்றால் இரண்டு பாதையும் எப்போதும் திறந்திருக்கும். காலையில் இஞ்சின் சூடாகாது. பாரம் ஏறும்போது பாதித் தண்ணீர் குளிராமலே சுற்றிச் சுற்றி வரும்.

மூடியைக் கழற்றினேன். வால்வு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வெயில் நாட்டுக்கு வால்வு தேவையில்லை என்று கழற்றி எறிகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அவன்களுடைய கையை முறிக்க வேண்டும், படிக்காத மூதேவிகள் என்று நல்லாகவே ஏசினேன். சஜ்னாவின் உம்மா தேத்தண்ணி கொண்டுவந்தவர், கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மகளின் வலது கால் துணியை ஒதுக்கிக் காட்டினார். மேற்பாதம் முழுக்கச் சுருங்கிய புதுத் தோல். இரண்டு மாதத்துக்கு முன் தண்ணீர்க் குழாய் வெடித்து, ஆவி இஞ்சின் மூடியின் இடுக்கால் வந்திருக்கிறது. அவளுடைய கால் இருக்கிற இடம் அந்த மூடியடிதான். உணர்வு இல்லாத கால். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும் வரைக்கும் அவளுக்குத் தெரியவில்லை.

நான் இன்னும் கூட ஏசினேன்.

3. கஸ்கட்டின் காது

ஏசி முடித்து, வால்வு மூடி இருந்த இடத்தில் ஒட்டியிருந்த பழைய கஸ்கட்டைச் சுரண்ட உட்கார்ந்தேன். கம்பனிக் கஸ்கட் இல்லை. தடித்த தாளில் கையால் வெட்டியது. ஒரு ஓரத்தில் விரல்நகம் அளவுக்கு ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கஸ்கட் வெட்டும்போது அப்படிக் காது விடுகிறவன் நான். அடுத்த முறை கழற்றுகிறவன் பிடித்து உரிக்கட்டும் என்று. கந்தளாயில் வேலை செய்த காலத்தில் முதலாளி அதைப் பார்த்து நக்கலடிப்பார். வேறு ஒருவரும் அப்படி வெட்டி நான் கண்டதில்லை.

வேனை எங்கே வாங்கினீர்கள் என்று நானாவிடம் கேட்டேன். கந்தளாயில் ஒரு நெல் வியாபாரியிடம் என்றார். அந்த ஆளின் வெள்ளை டொல்பின் எனக்கு ஞாபகம் வந்தது. அப்போது இது கொதிக்கவே இல்லை. சும்மா சேர்விஸுக்கு வந்த வண்டி. வால்வைக் கழற்றிப் போட்டேன், அதுவும் ஒரு சேர்விஸ் என்று நினைத்துக்கொண்டு. அன்றைக்கு ரேடியேட்டர் புதிது, குறையைத் தாங்கியது. வருடம் போகப் போகத் தாங்கவில்லை.

அந்தக் காதைப் பிய்த்துச் சட்டைப் பைக்குள் போட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. வெட்கம் என்று சொல்லலாம். உண்மையில் பயம். சொன்னால் வேலையைப் பறித்துவிடுவார்கள், பிறகு திங்கட்கிழமைக்கு வேறு ஆள் கிடைக்காது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

பின்னேரத்துக்குள் ஹெட்டை இறக்கினேன். இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கஸ்கட் கருகியிருந்தது. ஹெட் வளைந்திருந்தது, ஆனால் வெடிப்பு இல்லை. வெள்ளிக்கிழமை நகரத்து லேத் கடையில் முகம் வெட்டி மட்டமாக்கக் கொடுத்தேன். கஸ்கட் செட் கிடைத்தது. வால்வு மட்டும் நகரத்தில் ஒரு கடையிலும் இல்லை. கொழும்பிலிருந்து வர வேண்டும், செவ்வாய்க்கிழமை பார்ப்போம் என்றார்கள். ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இதைப் போடச் சொல்லி ஆர் அண்ணே வாறாங்க? கழட்டத்தானே எல்லாரும்.”

4. கந்தளாய்

சனிக்கிழமை விடிய பஸ் ஏறினேன். கழற்றின வால்வுகளை முதலாளி பழைய பித்தளையாக விற்கவென்று பால்மாத் தகரப் பேணிகளில் போட்டு வைப்பார். ஒரு பேணியாவது மிஞ்சியிருக்கும் என்ற நம்பிக்கை.

கராஜ் மூடிக் கிடந்தது. முதலாளி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். என்னை அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சட்டைப் பையிலிருந்த காதை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் எனக்கு வால்வு கழற்றச் சொல்லித் தந்த கதையையும், அந்தப் பிள்ளையின் காலையும், போன வருடப் பரீட்சையையும் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“எனக்கு என்ட முதலாளி சொன்னவர்டா. நான் உனக்குச் சொன்னனான். ஏன் எண்டு நீ ஒருநாளாவது கேட்டனியே?”

“நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் எண்டு நினைச்சனான்.”

“நானும் அப்படித்தான் நினைச்சனான். சரி, நீ எத்தனை பேருக்குச் சொல்லிக் குடுத்தனி?”

வவுனியாவில் இரண்டு பேர். தம்புள்ளையில் ஒருவன். கட்டாரில்கூட ஒரு நேபாளிக்குக் கையால் காட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பழைய வால்வுப் பேணி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டேன்.

பின்பக்கத் தட்டில் ஒரு பேணி இருந்தது. அவரே தடவித் தடவி எடுத்துத் தந்தார். எங்கள் இஞ்சினுக்குச் சரியான அளவில் ஏழு வால்வு இருந்தது. ஒவ்வொன்றும் நல்லாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு வண்டியிலிருந்து எடுத்தது.

5. குசினியில்

பின்னேரம் சஜ்னாவின் உம்மா குசினியில் சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்தார். ஏழு வால்வையும் கம்பியில் கட்டி ஒவ்வொன்றாக இறக்கினேன். முதல் மூன்றும் செத்தவை. நாலாவது மெல்லத் திறந்து, அடித்தட்டு கீழே இறங்கியது. வெளியே எடுத்ததும் தானாகவே மூடியது. கதிரையை அடுப்படிவரை தள்ளி வந்த சஜ்னா திரும்பவும் போடச் சொன்னாள். இரண்டாம் முறையும் திறந்தது. மிச்ச மூன்றும் நல்லவை.

“இவ்வளவுதானா?” என்றாள். “இதுக்குத்தானா ஒரு வருசம்?”

பிறகு என்னைப் பார்த்தாள். “இதைக் கழட்டினவன்ட கையை முறிக்கணும் எண்டீங்களே பாஸ். ஆர் எண்டு தெரியுமா?”

கம்பியைச் சட்டி விளிம்பில் வைத்தேன்.

“நான்தான் பிள்ளை.”

கந்தளாயையும் கஸ்கட்டின் காதையும் சொன்னேன். உம்மா அடுப்பை அணைத்தார். நானா எழுந்து வெளியே போனார். ரேடியேட்டர் குழாய்க்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது. அந்த வேலையை நான் முதல்நாளே முடித்திருந்தேன்.

 சஜ்னாவின் குரல் உயரவில்லை.

“இப்ப நான் கோபப்பட்டா நீங்க போயிருவீங்க. அதால பரீட்சை முடியட்டும். முடிஞ்ச அண்டைக்கு மண்டபத்துக்கு வாங்க. இப்ப வேலையைப் பாருங்க.”

ஞாயிறு விடிய ஹெட்டை ஏற்றினேன். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் இறுக்கினேன். நாலாவது வால்வு, டைமிங் பெல்ட், டெபட் இடைவெளி, புது ஒயில், தண்ணீர்ப் பாதையில் காற்று எடுப்பு. நான் கேட்ட சாமானை நானா எடுத்துத் தந்தார். பாஸ் என்று மட்டும் கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை.

நாலு மணிக்கு ஸ்டார்ட் பண்ணினோம். முதல் ஓட்டத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லி சஜ்னா சாய்பலகையில் ஏறிவிட்டாள். இஞ்சின் மூடியின் இடுக்குகளை அடைத்து, அவளுடைய கால் இருக்கிற இடத்தில் அஸ்பெஸ்டஸ் இல்லாத, சூடு தடுக்கிற தடித்த தகடு ஒன்றையும் வைத்திருந்தேன். பாலம் ஏறும் முன்பே முள் எழும்பியது. அவள் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள்: கால்வாசி, இன்னும் கொஞ்சம், பாதி. பாலம் தாண்டி, வெள்ளைமணல் தாண்டி, சீனக்குடா வரைக்கும் போனோம். “பாதி” என்றாள் திரும்பவும். “நிக்குது.” நானா வேனை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

மூன்று கிழமையும் வேன் ஓடியது. ஒருநாளும் பிந்தவில்லை.

6. கடைசி நாள்

கடைசிப் பாடம் முடிந்த அன்று சொன்னபடி போனேன். அவள் மர நிழலில் கதிரையை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்து முடிக்கும்வரை என்னை நிற்கவைத்தாள்.

“எத்தனை வண்டியில கழட்டினீங்க?”

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. நான் ஒரு இடத்தில் நின்றிருந்தால் கொதித்த வண்டிகள் திரும்ப என்னிடமே வந்திருக்கும், எனக்கும் எப்போதோ புத்தி வந்திருக்கும். நான் போய்விடுவேன். கொதிக்கிறது பிறகு வேறு ஒருவர் வாசலில்.

“எனக்குப் போனது ஒரு வருசம், கொஞ்சம் தோல். மத்த வண்டிகள்ல பின்னால ஆரு இருக்காங்க?”

“தெரியாது.”

“அப்ப போய்ப் பாருங்க” என்றாள். கதிரையைத் திருப்பி வேனுக்குப் போனாள். அவள் வைத்திருந்த கோபம் அவ்வளவுதானா என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். அது எவ்வளவு பெரியது என்று இப்போது தெரிகிறது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சாமான் எதற்கு இருக்கிறது என்று தெரியாமல் அதைக் கழற்றாதே. சொன்னது உன் முதலாளியாக இருந்தாலும் ஏன் என்று கேள். அவருக்குத் தெரியாவிட்டால் கையை எடு. வண்டியைத் திறக்க முன், அதை ஓட்டுகிறவரிடம் மட்டுமில்லை, அதில் இருந்து வருகிறவர்களிடமும் கேள்.

மிச்ச வால்வுகள் பேணியோடு என் பைக்குள் இருக்கின்றன. கந்தளாய்ப் பக்கமும் கிண்ணியாப் பக்கமும் பழைய டொல்பின் நிற்கிற வீடு கண்டால் கேற்றைத் தட்டுகிறேன். வால்வு மூடியைத் திறந்து பார்க்க விடுங்கள், காசு வேண்டாம் என்கிறேன். சிலர் விடுகிறார்கள். இதுவரை காது வைத்த கஸ்கட் இரண்டு கண்டுபிடித்தேன். கனபேர் கேற்றுக்கு உள்ளே நின்றபடியே, “நல்லாத்தானே ஓடுது பாஸ்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

நல்லாத்தான் ஓடும். பாலத்தடி வரைக்கும் ஓடும்.