கையைப் பின்னால் கட்டுங்கள்

பொய்யே சொல்லாதவள் என்று என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளமாட்டேன். இந்த விஷயத்தில் ஒரே ஒரு பொய் சொன்னேன். அது வரும் இடத்தில் நானே காட்டிவிடுகிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. நேரம்கூடச் சரியாகச் சொல்வேன். அந்த அறையில் சுவர்க் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நான் ஒரு பொது நூலகத்தில் ஒப்பந்த ஊழியர். பதினோரு வருடமாகப் புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும்தான் வேலை. திடீரென்று மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் அறையை எங்கள் தலையில் கட்டினார்கள். வருகிறவர்களுக்கு மெயில் அனுப்ப, விண்ணப்பம் நிரப்ப நாங்கள் சொல்லித்தர வேண்டுமாம். அதற்கு மூன்று நாள் பயிற்சி, கடைசி நாள் செய்முறைத் தேர்வு. தேறினால் ஒப்பந்தம் நீளும். தேறாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். என் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

பயிற்சி கொடுக்க வந்த மேடத்துக்கு என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஆனால் கறார் என்றால் அப்படி ஒரு கறார்.

"வர்றவங்க மவுசை நீங்க தொடவே கூடாது. வாயால மட்டும் சொல்லுங்க. நீங்க அமுக்கிக் கொடுத்தா அவங்க எப்பக் கத்துக்கிறது? கையைப் பின்னால கட்டுங்க. தேர்வுல தொட்டீங்கன்னா அதோட முடிஞ்சுது."

இன்னொன்றும் சொன்னார். அவர்கள் எழுதுவதை நாங்கள் படிக்கக்கூடாது. முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

இது எனக்குச் சுலபம். முதலாவதுதான் கஷ்டம். என் கை சும்மா இருக்காது. யாராவது திணறினால் பிடுங்கிச் செய்துவிடுவேன். முதல் நாளே நாலு தடவை திட்டு வாங்கினேன். புத்தகப் பிரிவில் எனக்குப் பக்கத்து மேசை, கண்ணாடியக்கா. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் அந்தப் பெயர். அவரும் பயிற்சிக்கு வந்திருந்தார். "உன் கையைக் கயித்தால கட்டிப் போடணும்டி" என்று கேலி செய்தார்.

தேர்வு நாள், நூலகத்துக்கு வார விடுமுறை. வாசல் கதவு பாதி சாத்தியிருந்தது. நல்ல மழை. கம்ப்யூட்டர் தெரியாத நாலு பேரை மேடம் வெளியிலிருந்து வரச்சொல்லியிருந்தார். எங்களில் ஒருவருக்கு ஒருவர், ஆளுக்கு அரை மணி நேரம். பொதுக் கம்ப்யூட்டர் எல்லாமே அப்படித்தான். முப்பது நிமிடம் ஓடும். முடிந்ததும் திரை அணைந்து, செய்ததெல்லாம் அழிந்துவிடும்.

"நீங்க மேல போங்க. உங்க ஆளை அனுப்புறேன். நான் எப்ப வேணா வந்து பார்ப்பேன்" என்றார் மேடம்.

நான் மாடி ஏறியபோது மணி 3:08.

கடைசிக் கம்ப்யூட்டரில், எண் பன்னிரண்டில், ஒரு பெரியவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். சீக்கிரமே வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் என் ஈரக் காலடிகள் வாசல்வரை தெரிந்தன. அவர் நாற்காலியைச் சுற்றித் தரை காய்ந்து கிடந்தது. சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. யாராவது காரில் கொண்டுவந்து விட்டிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

3:10. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வணக்கம்யா. என்ன செய்யணும்?"

"பையனுக்கு மெயில்மா. எழுதிட்டேன். அனுப்பணும். அவ்வளவுதான்."

கம்ப்யூட்டர் தெரியாதவர் எப்படி எழுதினார்? அது அப்போது உறைக்கவே இல்லை. எனக்கு இருந்த தேர்வுப் பயம் அப்படி.

"நீல பட்டன் தெரியுதா? அம்பை அது மேல கொண்டுபோய் ஒரு அமுக்கு அமுக்குங்க."

அவர் மவுசை நகர்த்தினார். திரையில் அம்பு நகரவில்லை. தூக்கி வைக்கச் சொன்னேன். துடைக்கச் சொன்னேன். எல்லாம் செய்தார். அம்பு ஓரத்திலேயே நின்றது. 3:21க்கு, விசைப்பலகையில் அமுக்கச் சொன்னேன். அமுக்கினார். அந்தப் பழைய விசைகள் தடதடவென்று சத்தம் போடும். அவர் விரல்பட்டு ஒரு சத்தம்கூட வரவில்லை.

"கொஞ்சம் அழுத்துங்கய்யா."

"அழுத்தினேம்மா."

3:35. பீப்... பீப்... இன்னும் ஐந்து நிமிடம் என்று திரை சொன்னது.

"எப்பவும் இப்படித்தான்" என்றார் அவர். "நேரம் முடிஞ்சிடும். அழிஞ்சிடும். மறுபடி முதல்லேர்ந்து எழுதுவேன்."

"எத்தனை தடவைய்யா?"

"எண்ணலைம்மா."

அந்த ஆள் இமைக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். பயமும் இருந்தது. ஆனால் பாவம் என்ற நினைப்புதான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

3:38. படியில் யாரும் இல்லை.

"நீ அமுக்கும்மா" என்று கையை எடுத்துக்கொண்டார்.

என் வேலை... மகள் படிப்பு... எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்தது.

3:39.

தொட்டேன்.

அரை மணி நேரமாக ஒருவர் கையில் இருந்த மவுஸ் அது. ஐஸ் மாதிரி இருந்தது.

அம்பு உடனே நகர்ந்தது.

க்ளிக்.

திரை அணைந்தது.

"போயிடுச்சுய்யா..."

திரும்பினேன்.

நாற்காலி காலியாக இருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டு அலறியே விட்டேன். மேடம்தான். பின்னால் ஒரு பெண், தொப்பலாக நனைந்து.

"உங்க ஆள் மழையில மாட்டிக்கிட்டாங்க, இப்பதான் வந்தாங்க. நீங்க அங்க என்ன பண்றீங்க? பன்னிரண்டுதான் வேலை செய்யாதே."

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். கம்ப்யூட்டர் பெட்டியே இல்லை. அது இருந்த இடத்தில் சதுரமாகத் தூசி. வயர் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை வைத்து எப்படித் தேர்வை முடித்தேன் என்று எனக்கே தெரியாது. எதையும் தொடப் பயமாக இருந்ததால் பின்னால் கட்டிய கையை நான் பிரிக்கவே இல்லை. "உங்களை மாதிரி கையை அடக்கினவங்க யாருமில்ல" என்று மேடம் எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஒப்பந்தம் நீண்டது.

ஒன்பது நாள் கழித்து, பகல் 12:20க்கு, ஒரு பெண் என் மேசைக்கு வந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. ஒரு தாளை நீட்டினாள். தேர்வு நாள் 3:39க்குப் போன மெயில். அதில் இரண்டே சொற்கள்.

*வீட்டில் இருக்கியா?*

அடியில், எங்கள் நூலகத்திலிருந்து போகும் எல்லா மெயிலிலும் தானாக விழும் வரி. பொதுக் கணினி எண் 12.

"எங்க மாமனார் முகவரிங்க இது. அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. உங்க மாடியிலதான், கம்ப்யூட்டர் முன்னாடியே சாஞ்சுட்டார். என் வீட்டுக்காரர் இதுக்கு, 'இருக்கேன்ப்பா, வாங்க'ன்னு பதில் போட்டார். அன்னிக்கு ராத்திரி கதவைத் தாழ் போடவே விடல. காலையில எழுப்பினேன்... எந்திரிக்கல."

மாடியில் ஒருவர் இறந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஆளைப் பார்த்ததில்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"யாருங்க அனுப்பினது? அதை மட்டும் சொல்லுங்க."

"தெரியலைம்மா. நாங்க யாரோட மவுசையும் தொடமாட்டோம்."

இதுதான் நான் சொன்ன பொய். சம்பளத்துக்காகச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

அவள் நம்பினாள். பிறகு பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள்.

"இது இன்னிக்குக் காலையில, பத்து நாப்பதுக்கு வந்துச்சு. என் வீட்டுக்காரர் முகவரியில இருந்து. பள்ளிக்கூடத்துல எங்க சின்னவளுக்கு ஒரு முகவரி கொடுத்திருக்காங்க... அதுக்கு."

அதே இரண்டு சொற்கள். அதே பன்னிரண்டு.

காலையில் மாடியில் பணியில் இருந்தவர் கண்ணாடியக்கா. பக்கத்து மேசையைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை. வலது கையை மெதுவாக மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "பாப்பா... பதில் எதுவும் போடலையே?"

"அவளுக்கு அப்பான்னா உயிருங்க. பார்த்த உடனே போட்டுட்டா. 'இருக்கேன்ப்பா, சீக்கிரம் வாங்க'ன்னு."