கடைசிப் பக்கத்துப் பச்சை மை

சீசன் முடிந்துவிட்டால் குற்றாலத்தில் எங்கள் லாட்ஜில் பேச ஆள் இருக்காது. முதலாளி மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் நானும் பதினெட்டு அறைகளும்தான். காலையில் ஒவ்வொரு அறையாகத் திறந்து காற்றோட விடுவேன், சாயங்காலம் பூட்டுவேன். சாரல் ஈரத்தில் பூட்டுகள் துருப்பிடித்துவிடும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை எண்ணெய் விடுவேன். செவ்வாய்க்கிழமை மட்டும் பஸ் ஏறித் தென்காசி நூலகத்துக்குப் போவேன். அங்கேயும் யாரிடமும் பேசுவதில்லை. எடுத்த புத்தகத்தை மேஜையில் வைத்தால் நூலகர் அம்மா சீல் போட்டுத் தருவார். அவ்வளவுதான்.

அப்படித்தான் ஒருநாள் அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து வந்தேன். ஒரு மலைக்கோயிலில் சமாதியான சித்தரும், அடுத்த மலையில் தர்காவில் அடங்கியிருக்கும் பெரியவரும் ஒரே ஆள்தான் என்பது கதையில் வரும் ரகசியம். அதைச் சொல்லும் செப்பேட்டை ஒரு கூட்டம் எழுநூறு வருஷமாக மறைத்து வைத்திருக்கிறது. வெளியே தெரியாமலிருக்கப் பதினொரு கொலை. நான் மூன்று நாளில் படித்து முடித்தேன்.

எங்கள் நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படித்தவர்கள் கடைசி வெற்றுப் பக்கத்தில் கருத்து எழுதிவிடுவார்கள். எழுதக்கூடாது என்று சுவரில் பெரிதாகப் போட்டிருந்தும் எழுதுவார்கள். இந்தப் புத்தகத்தின் கடைசியில் நாலைந்து வெற்றுப் பக்கங்கள்; முதலாவதில் நிறையவே எழுதியிருந்தார்கள். 'அருமை' என்று ஒருவர். 'அருமையாம். முதல் நூறு பக்கம் நல்ல தூக்கம்' என்று அதற்குக் கீழே இன்னொருவர். 'நம் மதத்தைக் கேவலப்படுத்தும் நூல். உடனே அகற்றவும்' என்று அழுத்தி எழுதிய பென்சிலுக்குக் கீழே, 'முழுவதும் படித்தீர்களா?' என்று ஒரு கேள்வி. அதே பென்சிலில் பதில்: 'இல்லை.'

அதற்கும் கீழே பச்சை மையில், சின்னச் சின்ன எழுத்தில் இப்படி இருந்தது: 'இதை மறைக்கப் பதினொரு கொலை எதற்கு? எங்கள் தெருவில் வந்து கேட்டிருந்தால் டீ கொடுத்துச் சொல்லியிருப்போமே. எங்கள் ஊர் தர்காவின் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்கு எல்லாரும்தான் வருகிறார்கள்.'

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலி லாட்ஜில் தனியாகச் சிரித்தால் அந்தச் சத்தம் நமக்கே ஒருமாதிரி இருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் பேனாவை எடுத்து எழுதினேன்: 'எழுநூறு வருஷம் ஈரத்தில் கிடந்த பூட்டு கொண்டை ஊசிக்குத் திறக்காது. சாவியே இருந்தாலும் திறக்காது. அனுபவத்தில் சொல்கிறேன்.' கதாநாயகி பாதாள அறையை அப்படித்தான் திறக்கிறாள்.

மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். பச்சை மை பதில் எழுதியிருந்தது: 'தாங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.'

லாட்ஜில் வேலை என்று எழுதினேன். அவர் வெளிநாட்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் என்றும், வீட்டில் இப்போது அவர் மட்டும்தான் என்றும் எழுதினார். நான் புத்தகத்தைக் கொண்டு போவேன், திருப்பி வைப்பேன். அவரும் அப்படியே. ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. அத்தனை மாதத்தில் வேறு யாரிடமும் நான் அவ்வளவு பேசவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு என்ன தோன்றியதோ, நூலகத்தில் உட்கார்ந்தே எழுதிவிட்டேன்: 'நீங்கள் எந்தக் கிழமை வருவீர்கள்? நான் செவ்வாய் பதினொரு மணிக்கு இங்கே இருப்பேன்.'

எழுதி மூடிய பிறகுதான் யோசித்தேன். நேரில் பார்த்தால் என்ன பேசுவேன்? பத்தாவது படித்தவன் என்று தெரிந்தால்? பேனாவில் எழுதியதை அழிக்கவும் முடியாது. புத்தகத்தைக் கொண்டுபோய் யாரும் தொடாத வேளாண்மைப் புத்தகங்களுக்குப் பின்னால் சொருகிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அடுத்த வாரம் தைரியம் வந்ததும் எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று செவ்வாய் போனது. தைரியம் வரவில்லை.

நான்காவது செவ்வாய், அந்த அலமாரிக்குப் பக்கத்திலேயே நின்று வேறு ஏதோ புரட்டிக்கொண்டிருந்தபோது, மேஜைப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா, அந்தத் தடிப் புத்தகம் வந்துட்டா?"

எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தொப்பி வைத்த ஒரு பெரியவர். சட்டைப் பையில் பச்சை மூடி போட்ட பேனா.

"எத்தன தரம் கேப்பீய பாய்" என்றார் நூலகர் அம்மா. "ரிஜிஸ்டர்ல உள்ளதான் இருக்கு, ரேக்குல காணோம். அஞ்சு தரம் படிச்சாச்சு நீங்க. கொலகாரன் யாருன்னு இன்னுமா தெரியல?"

"கொலகாரன் கெடக்கான். கடேசிப் பக்கத்துல ஒரு பூட்டுக்காரரு எழுதுவாரு. என்ன எழுதிருக்காருன்னு பாக்கணும்."

"அப்ப புத்தகத்தப் பாழாக்குத ஆளு நீங்கதானா?"

"பாதி நான்தாம்மா."

"மத்தப் பாதி கையில சிக்கட்டும், பாத்துக்கிடுதேன்."

பெரியவர் சிரித்தார். பிறகு, "மவன் அவன்கூட ஒரேயடியா வந்து இருந்துருங்கான். வெள்ளிக்கிழம கெளம்புதேன். வியாழக்கிழம கார்டக் குடுக்க வருவேன், அதுக்குள்ள கெடைக்குதான்னு பாரும்மா" என்றார்.

கையை நீட்டினால் புத்தகம். பத்தடி நடந்தால் அவர். நான் நெல் சாகுபடி பற்றிய ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்தபடியே நின்றேன். வாசலில் அவர் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகுதான் புத்தகத்தை எடுத்து முன் ரேக்கில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன்.

வியாழக்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். இரண்டு பஸ் போனது. மூன்றாவது வருவதற்குள் லாட்ஜுக்குத் திரும்பிவிட்டேன். பூட்டுகளுக்கு எண்ணெய் விட்டேன். அதற்கு முந்தின நாள்தான் விட்டிருந்தேன்.

அடுத்த செவ்வாய் போனபோது புத்தகம் ரேக்கில் இருந்தது. என் கேள்விக்குக் கீழே பச்சை மை: 'செவ்வாய் என்பதை இன்றுதான் பார்த்தேன். இன்று வியாழன்; இருந்தாலும் நீங்கள் வரக்கூடும் என்று மதியம் வரை இருந்தேன். பூட்டு விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி. போய் வருகிறேன்.'

புத்தகத்தை மேஜையில் வைத்தேன். நூலகர் அம்மா கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாய் வந்து கேட்டாரே, அன்னைக்கு நீங்க அங்கனதான நின்னிய?"

"நின்னேன்" என்றேன்.

அவர் சீல் போட்டுக் கொடுத்தார்.