ஒரு சட்டி பிதுக்குப் பருப்பு

கம்பெனியில் எனக்கு பிரேக் கொடுத்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அப்படித்தான். கொஞ்ச நாள் வீட்டில் இரு, கூப்பிடுகிறோம் என்பார்கள். கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை.

நான் பிரஸ் ஷாப்பில் இருந்தவன். தகட்டை வை, பட்டனை அமுக்கு, எடு, மறுபடி வை. வேலை நின்ற பிறகும் கை நிற்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் திருப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் சங்கு ஊதினால் உடம்பு தானாக எழுந்துவிடும். எழுந்த பிறகு போக இடம் இருக்காது.

ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் லைன் வீடு. வரிசையில் கடைசி. அதனால் பின்னால் பாத்ரூமைச் சுற்றிக் கொஞ்சம் மண் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு குடோனின் காம்பவுண்டுச் சுவர். எதையாவது போட்டுக்கொள் என்று ஓனரம்மா சொன்னார். அவர் கன்னடக்காரர். தமிழைக் கன்னடத்தில் முக்கி எடுத்துப் பேசுவார். நான் சிமெண்டுக் கட்டி, உடைந்த ஓடு எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு மண்ணைக் கொத்தினேன். தக்காளி, மிளகாய், கொத்தமல்லி போட்டேன். வந்தது.

என் மனைவி துணி தைக்கிற கம்பெனிக்குப் போகிறாள். காலையில் கம்பெனி பஸ், இருட்டினால் வீடு. நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. கால் வீங்கித்தான் வருவாள்.

அவளுக்கு ஊர் கல்லாவிப் பக்கம். ஆடியில் போய்வந்தவள் ஒரு பொட்டலம் அவரை விதை கொண்டுவந்தாள். கூடவே ஒரு சேதியும் கொண்டுவந்தாள். அங்கே ஒருவருக்குப் பெரிய மாந்தோப்பு. காவலுக்கு ஒரு குடும்பம் வேண்டுமாம். உள்ளேயே வீடு, கரண்டு, மோட்டார். தை பிறந்ததும் வந்துவிட வேண்டும். அவள் அண்ணன் நம் பேரைச் சொல்லிவைத்திருக்கிறான்.

எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் கூலிக்குப் போனவர்கள். நட்டார்கள், களை பறித்தார்கள், அறுத்தார்கள். தனக்கென்று ஒரு கொடி ஏற்றியவர் கிடையாது. என் அப்பாவும் ஒரு தோப்பில் காவல் இருந்தார். உதிர்ந்த காயை நான் ஒரு தடவை எடுத்துக் கடித்துவிட்டேன். கையிலிருந்து பிடுங்கி, கடித்த காயையே குவியலில் போட்டார். இதை அவளிடம் சொல்லவில்லை. கம்பெனியில் கூப்பிடுவார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"கூப்பிடறப்ப கூப்பிடட்டும் மாமா. எனக்குக் கால் நிக்க முடியல. தோப்புன்னா நெழல்ல உக்காருவேன்."

இங்கேயும் மண் இருக்கிறதே, இங்கேயே விளையவைத்துச் சாப்பிடலாமே என்றேன். அவள் பாத்ரூமைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"பொங்கலுக்கு இந்த மண்ணுல ஒரு சட்டி பிதுக்குப் பருப்புக்குக் காய் எறக்கு. தோப்புப் பேச்சையே எடுக்க மாட்டேன். எறக்கலன்னா மூட்டையக் கட்டு."

பச்சை அவரைக் கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைப்பது எங்கள் பக்கம் பனிக்காலத்துச் சாப்பாடு. களிக்கு அதை மிஞ்சி ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு அவரை இல்லாமல் அடுப்பு எரியாது. சரி என்றேன்.

விதை ஊன்றினேன். முளைத்ததா என்று கிளறிப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் கொஞ்சம் செத்தது. மிச்சம் ஏறியது. கட்டடம் கட்டுகிற இடத்தில் சவுக்குக் கழி கேட்டு வாங்கிப் பந்தல் போட்டேன். போட்ட பந்தலைப் பிரித்து இன்னும் உயரமாகப் போட்டேன். காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். பால்காரர் வீட்டில் சாணி வாங்கிக் கரைத்து ஊற்றினேன். ஒன்றும் செய்யாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இருட்டினால்தான் கஷ்டம். அவள் வருகிறவரைக்கும் வீட்டுக்குள் உட்கார வேண்டும். அந்தச் சமயத்தில் குடோனில் புதிதாக ஒரு ஃபோகஸ் லைட் மாட்டினார்கள். கம்பத்து உச்சியில், ரோட்டைப் பார்த்து. விடிகிறவரைக்கும் எரியும். குடோன் வாட்ச்மேன் திருநெல்வேலிக்காரர், பெரியவர். கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள், எலி வருகிறது, இருட்டில் வேலை செய்ய முடியவில்லை என்று கேட்டேன். கேட்டேன் என்றால், நாலைந்து தடவை டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். அவர் ஏணி போட்டு ஏறித் திருப்பினார். தோட்டம் முழுக்கப் பால் ஊற்றினதுபோல் வெளிச்சம். எனக்கு ஷாப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. அவள் பஸ் வருகிறவரைக்கும் அந்த வெளிச்சத்தில் களை பிடுங்குவேன், நுனி கிள்ளுவேன், கயிறு கட்டுவேன்.

கொடி வளர்ந்தது. அப்படி ஒரு வளர்ச்சி. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது. பந்தல் நிரம்பி, பாத்ரூமின் சிமெண்ட் ஷீட்டுக் கூரை மேலும் ஏறிவிட்டது.

ஐப்பசி போனது. பூ இல்லை. கார்த்திகையில் பனி இறங்கியது. பனி கண்டால் அவரை பூக்கும் என்பது எங்கள் பக்கம் குழந்தைக்கும் தெரியும். இங்கே ஒரு மொக்கு கூட இல்லை.

ஓனரம்மா வந்து நின்று பார்த்தார்.

"ஏனப்பா, கொடிக்கு சாணி போட்டியா, பிரியாணி போட்டியா? இவ்ளோ கொழுப்பு."

அவரே ஒரு வழியும் சொன்னார். காய்க்காத கொடியைப் பழைய விளக்குமாற்றால் அடிக்க வேண்டும், வெட்டிப்போடுகிறேன் என்று பயமுறுத்த வேண்டும். எங்கள் ஊரிலும் உண்டு. ஒருவர் அடிக்கிறபோது இன்னொருவர் விட்டுவிடு, அடுத்த வாரம் காய்க்கும் என்று கொடிக்காகக் கெஞ்ச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் விளக்குமாற்றோடு நின்றேன். ஓனரம்மா கெஞ்சினார். என் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"நல்லா அடி மாமா. அதுக்காச்சும் பயம் வரட்டும். உனக்குத்தான் வரல."

கொடிக்கும் வரவில்லை.

மார்கழி பிறந்தது. கெலமங்கலம் சந்தைக்குப் போனால் வழியெல்லாம் அவரைக்காய் குவியல். பனி பட்ட அவரைக்கு ஒரு வாசம் உண்டு, விரலில் ஒட்டினால் கழுவினாலும் போகாது. ஒரு கிலோ வாங்கிப்போய் நம் கொடியில் இறங்கியது என்று சொன்னால் என்ன என்று நினைத்தேன். குவியல் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். அவளுக்குத் தெரிந்துவிடும். வெறும் பையோடு வந்தேன். அவளும் சந்தையில் அவரை வாங்கவில்லை. நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

அண்ணன் போன் மேல் போன் போட்டான். அவள் பித்தளைப் பாத்திரங்களைப் பழைய சேலையில் சுற்றிவைத்தாள்.  நான் கொடிக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

ஒரு நாள் காலையில் காற்றடித்து அவள் துண்டு பாத்ரூமுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அங்கே ஓனரம்மாவின் தண்ணீர்த் தொட்டிக்கும் பாத்ரூம் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். நான் அங்கே போவதில்லை. துண்டை எடுக்கப் போனேன். தலைக்கு மேல் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ. அடியில் பிஞ்சு வேறு இறங்கியிருந்தது.

யார் வீட்டுக் கொடி என்றுதான் முதலில் நினைத்தேன். தண்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன். கூரை ஏறி, இந்தப் பக்கம் இறங்கி, என் பந்தலுக்குத்தான் வந்தது. ஒரே வேர். அந்தப் பக்கத்துக் கொடியை நான் கிள்ளியதும் இல்லை, கட்டியதும் இல்லை. ஆனால் அதே தண்ணீர், அதே சாணி.

பகல் முழுக்க யோசித்தேன். பிடிபடவில்லை. சாயங்காலம் லைட் எரிந்தது. அப்போது பார்த்தேன். பாத்ரூம் சுவரின் நிழல் அந்தச் சந்தில் விழுந்திருந்தது. நிழல் எங்கே முடிகிறதோ அங்கே பூவும் முடிந்திருந்தது. வெளிச்சம் பட்ட பக்கம் வெறும் இலை.

ஷிஃப்ட் பார்க்கிறவனுக்குத் தெரியும். மாறி மாறி நைட் பார்த்தால் ராத்திரி எது, பகல் எது என்று உடம்புக்குத் தெரியாமல் போகும். பசி தப்பும், தூக்கம் தப்பும். கொடியை நான் நைட் ஷிஃப்டில் போட்டிருந்தேன். ஒரு நாள் கூட லீவு கொடுக்கவில்லை.

வாட்ச்மேனிடம் போனேன். லைட்டைப் பழையபடி ரோட்டுப் பக்கம் திருப்பச் சொன்னேன்.

"என்ன வே, திருப்பச் சொல்லிக் கெஞ்சினதும் நீரு, இப்ப வேண்டாங்கதும் நீரா? லைட்டு என்ன உம்ம பொண்டாட்டியா, சொன்ன பக்கம்லாம் திரும்புததுக்கு?"

"என் பொண்டாட்டி திரும்ப மாட்டா அண்ணாச்சி."

அவர் சிரித்துக்கொண்டே ஏணியை எடுத்தார். தோட்டம் இருட்டானது. அந்த இருட்டில் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. வாசலில் நின்றேன். உள்ளே போனேன். மறுபடி வந்து நின்றேன். மனைவி பஸ் இறங்கி வந்தாள். கரண்டு இல்லையா என்று கேட்டாள். கொடி தூங்குகிறது என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சந்துக்குக் கூட்டிப்போய் செல்போன் வெளிச்சத்தில் பிஞ்சைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள்.  வெளிச்சத்தை அணை என்று மட்டும் சொன்னாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் சந்தில் இருந்த காயெல்லாம் பறித்தேன். பந்தல் பக்கம் அப்போதுதான் மொக்கு தெரிய ஆரம்பித்திருந்தது. உரித்தால் கொட்டை ஒரு சொம்பு கூட நிரம்பவில்லை. எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டி பெரியது. எனக்குக் கணக்குத் தெரியும். ஊறவைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

பொங்கல் அன்று இரண்டு பேரும் உட்கார்ந்து பிதுக்கினோம். கட்டைவிரலால் அமுக்கினால் தோலை விட்டுப் பருப்பு துள்ளி வெளியே வரும். அமுக்கு, எடு, போடு. என் கைக்குப் பழகின வேலை. எட்டிப்பார்த்த ஓனரம்மா இதுக்கின பேளேயா என்று கேட்டுவிட்டுப் போனார். கன்னடத்தில் பிதுக்குப் பருப்பை அப்படித்தான் சொல்வார்கள்.

பிதுக்கி முடித்ததும் மனைவி எழுந்து போய், சுற்றிவைத்திருந்த சேலையைப் பிரித்தாள். அதற்குள்ளிருந்து சட்டி ஒன்றை எடுத்தாள். குழந்தைக்குச் சோறு குழைக்கிற அளவு. வீட்டில் இருப்பதிலேயே சின்னது. பருப்பு அதில் விளிம்பு வரைக்கும் வந்தது.

நான் அவளைப் பார்த்தேன்.

"ஒரு சட்டின்னுதான சொன்னேன். எந்தச் சட்டின்னு சொன்னேனா?"

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் போன் வந்தது. அவள் இடது கையால் எடுத்தாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான், எனக்கும் சத்தம் கேட்டது. தோப்புக்காரர் வேறு ஆளைப் பார்க்கப்போகிறாராம்.

"பாக்கட்டும்ணா. இங்க கொடி இப்பத்தான் மொக்கு வெச்சிக்கினு இருக்குது. மாசியில காய்க்கும். அத யாருகிட்ட வுட்டுட்டு வர்றது?"

போனை வைத்துவிட்டு மீதிக் களியை உருட்டினாள். பிறகு காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் வீங்கித்தான் இருந்தது. பொங்கல் லீவு முடிந்தால் மறுபடி நிற்க வேண்டும்.

மாசியில் கொடி கொட்டிக் கொடுத்தது. எனக்கு வேறொரு கம்பெனியில் ஷிஃப்ட் கிடைத்தது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவள் காலைப் பார்த்தபடி என்னால் உட்கார முடியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போகக் கிளம்பினேன்.

"தண்ணி ஊத்தாத. அது பாட்டுக்கு இருக்கட்டும். வந்து உக்காரு."

வாளியை வைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெந்நீருக்குள் விட்டு அவள் காலைப் பிடித்துவிட்டேன்.