டிரம்மில் நிற்காத கம்பம்

முதல் நாள் கம்பத்துக்கிட்ட நின்றது நான். என் ஊட்டுக்காரர். பழைய இடத்தில் எனக்குப் பக்கத்து ஊட்டு அக்கா. இரண்டாவது மாடித் தூத்துக்குடிக்கார அம்மா. அவங்க சர்ச்சுக்குப் போறவங்க, வேடிக்கை பார்க்க வந்தாங்க. அப்புறம் வாட்ச்மேன். வேற யாரும் வரலை.

சேவூர்ப் பக்கம் ஓடைப் புறம்போக்கில் இருந்தோம். அரசாங்கம் லாரியில் ஏற்றி வீரபாண்டிப் பக்கம் அடுக்குமாடியில் இறக்கியது. ஒரே தெருக்காரங்களை ஆளுக்கொரு பிளாக்காகப் பிரித்துப் போட்டார்கள். மாரியம்மன் கல்லை நான் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நடோணும். மூணு கவை உள்ள பாலை மரக் கிளை. அம்மனுக்குப் புருசன். நோம்பி முடியும்வரை தினம் காலையில் பொம்பளைங்க அதுக்கு மஞ்சத் தண்ணி ஊத்துவோம். கம்பம் நட்ட இடம்தான் எங்களுக்கு ஊர்.

இங்கே வாசல் முழுக்க சிமெண்டுக் கல். சாயப்பட்டறை டிரம் ஒன்றை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி நட்டோம். கழுவியது பத்தவில்லை. உள்ளே நீலச் சாயம் இருந்திருக்கிறது. மஞ்சத் தண்ணி ஊற்றினேன். கீழே பச்சையாக வந்தது.

"ஏளா, ஒங்க சாமிக்கு என்னத்தக் குடுத்தீங்க? பச்சையா வாந்தி எடுக்கு!" என்றார் தூத்துக்குடி அம்மா.

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் சாமியை டிரம்மில் வைக்கக் கூடாது என்று அப்போதே முடிவு பண்ணினேன்.

பனியன் கம்பெனியில் நூல் பிசிர் வெட்டுகிற கை எனக்கு. கடப்பாரையும் பிடிக்கும். வாசலில் நாலு கல்லைப் பெயர்த்துக் கம்பத்தை மண்ணில் நட்டேன்.

சாயங்காலமே குடிசை மாற்று வாரியத்து ஆள் வந்துவிட்டார்.

"யாரு பேத்தது?"

"நான்தானுங்க சார்."

"நாளைக்குக் காலைல வருவேன். குழி மூடியிருக்கணும். இல்லைன்னா உன் வீட்டு ஒதுக்கீடு ரத்து."

"ஊர்க் கம்பமுங்க. மூட முடியாதுங்க."

"ஊரா? இது பிளாக்கும்மா. உன்னையும் உன் வீட்டுக்காரரையும் தவிர எவன் கேட்டான்?"

அது சுட்டது. அவர் சொன்னது பொய்யும் இல்லை.

அவர் போனதும் கதவு கதவாகத் தட்டினேன். பாதிப் பேர் யாரென்றே தெரியாது.

"நாங்க வெள்ளகோவில் பக்கமுங்க. எங்க கம்பம் அங்க" என்றார் ஒரு ஊட்டு அம்மா.

"அங்க உங்க ஊடு இருக்குதுங்களா?"

"இல்லீங்க. இடிச்சுட்டாங்க."

"அப்ப இங்க வந்து ஊத்துங்க. ஒரு குடம் போதும்."

சிலர் முகத்திலேயே கதவைச் சாத்தினார்கள். அடுத்த கதவைத் தட்டினேன்.

காலையில் வாரியத்து ஆள் வண்டியை நிறுத்தினார். குழி மூடவில்லை. படிக்கட்டு வழியாகக் குடங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. முன்னால் தூத்துக்குடி அம்மா. "தண்ணிதானே, எங்க சாமி ஒண்ணும் சொல்லாது. தள்ளுங்க சார்" என்றார்.

அவர் தள்ளி நின்றார். வரிசை பிளாக்கைச் சுற்றித் திரும்பியது.

"எத்தனை பேரும்மா இது?"

"நீங்களே எண்ணிக்குங்க சார்."

எண்ணினார். நானும் எண்ணினேன்.

அறுபத்தேழு குடம்.