தகட்டின் குறுக்கே ஒரு கோடு

வெனிஸில் அச்சடிப்பதற்காகச் செப்புத் தகட்டில் படம் வெட்டிப் பிழைத்தவள் ஒர்செத்தா. புருஷன் கொள்ளைநோயில் போனதும் அச்சுக்கூடம் கொழுந்தன் சனெத்தோ கைக்குப் போனது. வெட்டுகிற வேலை மட்டும் அவளுடையதாகவே இருந்தது. ரோமானியர்களின் புராணத்தில் தியானா தேவி குளிப்பதை ஒரு வேடன் பார்த்துவிடுகிறான். தேவி அவனை மானாக்கி, அவன் நாய்களுக்கே இரையாக்குகிறாள். இந்தக் கதையை ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வெட்டினாள். நாய்களின் ஈறுகூடத் தெரியும். மூலையில் தன் பெயரையும் வெட்டினாள்.

அச்சாகி வந்த தாளில், அந்த இடத்தில் சனெத்தோவின் பெயர் இருந்தது.

"என் பேரு எங்கடா?"

"சுரண்டிட்டேன் அண்ணி. பொம்பள வெட்டின அம்மணத்த எவன் வாங்குவான்? ரொட்டி போடுறேன்ல, பேரு வேற எதுக்கு?"

படம் வாங்க வந்து நின்றவர்கள் சிரித்தார்கள். ஒர்செத்தா உளியை எடுத்தாள். தகட்டின் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை, வேடனின் நெஞ்சு வழியாக, ஒரே இழுப்பு.

"இப்ப வித்துக்க" என்றவள் அந்த வீட்டுப் படி இறங்கினாள்.

செப்பை வீணாக்க மனமில்லாமல் சனெத்தோ அப்படியே அச்சடித்தான். வாங்கியவர்கள் அந்தக் கோட்டைத் தேவியின் கோபம் என்றார்கள். வானத்திலிருந்து இறங்கி ஆளைப் பிளக்கிறதாம். தாள்கள் பறந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறொரு கூடத்தில் சேர்ந்திருந்த ஒர்செத்தாவின் காதுக்கும் அது வந்தது. அவள் ஆத்திரத்தையும் அவன் விற்றுவிட்டான்.

அச்சடிக்க அடிக்கக் கோடு தேய்ந்தது. சனெத்தோ பழைய தகடு ஒன்றில் தானே இழுத்துப் பார்த்தான். புழு மாதிரி நெளிந்தது. கடைசியில் அவள் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, ஒரே ஒரு இழுப்பு. நீங்க இழுத்தாத்தான் வருது."

"மூலையில என் பேர மறுபடி வெட்டிட்டு இழுக்கறேன்."

"ஊரே என் படம்னு சொல்லுது. இப்ப மாத்தினா என் மூஞ்சிய எங்க வெக்கிறது?"

"அந்த நாய்ங்க பக்கத்துல வை. எடம் இருக்கு."

"இந்தத் திமிருக்கு நீங்க செத்தாலும் அடக்கத்துக்கு வரமாட்டேன்."

"வராத. நிம்மதியாப் போய்ச் சேருவேன்."

கதவைச் சாத்தினாள். அவன் வீம்புக்கு அந்தத் தியானா தகட்டிலேயே தானே இழுத்துக் கெடுத்து, அதைப் பாத்திரக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டான். அதைக் கேட்ட அன்று அவள் உளியைத் தொடவில்லை.

பிறகு அதே கதையைப் புதிதாக வெட்டினாள், குறுக்குக் கோடு இல்லாமல், தேவியின் காலடியில் தன் பெயரோடு. வாங்க வந்த ஒருவன் புரட்டிப் பார்த்துவிட்டு, கோபம் இருந்த அந்தப் பழைய படம்தான் உசத்தி என்றான். ஒர்செத்தா அடுத்த தகட்டில் தன் பெயரை வெட்டிக்கொண்டிருந்தாள்.