வல்லத்திலிருந்து வந்த ஐந்து காலி சிலிண்டர்கள்

திண்டிவனத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியின் குடோனில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். போன வருடம்தான் ரிடையர் ஆனேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஃபுல் சிலிண்டரைப் பற்றித்தான். அதை எல்லோரும் பயந்து பயந்துதான் தூக்குவார்கள், அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நான் உண்மையிலேயே பயந்துபோன நாள் காலி சிலிண்டரால் வந்தது.

1. சோஃபா

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். குடோனில் நாற்காலி கிடையாது. ஒரு காலி சிலிண்டர் ஓரமாகப் படுத்துக் கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். மேனேஜர் வாசலிலிருந்தே சத்தம் போட்டார்.

“ஏம்மா மேரி, அது இன்னா சோஃபாவா? எந்திரி மொதல்ல!”

“காலிதானே சார்?”

“அடுப்பு எரியலன்னா காலியாயிடுமா? உள்ள கொஞ்சம் இருக்கும்மா. ஃபுல்லு எப்படியோ அப்படித்தான் இதுவும்.”

அடுத்த வாரம் டிரெய்னிங் வகுப்பில் விவரமாகச் சொன்னார்கள். உள்ளே இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவி நிற்கும். தனக்கென்று வாடை இல்லாததால், கசிந்தால் தெரியட்டும் என்று ஒரு கெட்ட வாடையைக் கம்பெனியே கலந்து அனுப்புகிறது. காலி சிலிண்டரின் அடியிலும் கொஞ்சம் திரவம் தங்கியிருக்கும். படுக்க வைத்தால் அந்தத் திரவம் வால்வுக்கு வந்துவிடும். அதனால் வண்டியில் ஏற்றும்போது நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். வால்வுக்கு மூடி போட வேண்டும். திறந்த வண்டியாக இருக்க வேண்டும். ஆடாமல் கயிறு கட்ட வேண்டும். கூட ஆள் ஏறக் கூடாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படியிருந்தும் நடந்ததுதான் இது.

2. பத்து செகண்ட்

ஏகாம்பரம் மாஸ்டர் சமையல் கான்ட்ராக்டர். செஞ்சி, வல்லம் பக்கம் கல்யாணம் என்றால் பெரும்பாலும் அவர் சமையல்தான். ஹோட்டல்காரர்கள் வாங்கும் பத்தொன்பது கிலோ சிலிண்டரை எங்களிடம்தான் எடுப்பார். முடிந்ததும் எங்கள் பிக்கப் வண்டி போய் காலியை ஏற்றி வரும். நான் சொல்லும் நாளில் அந்த வண்டி எஃப்.சி. சோதனைக்காகப் பட்டறையில் நின்றது. மத்தியானம் ஃபோன் வந்தது.

“மேரிம்மா, வல்லத்துல கல்யாணம் முடிஞ்சிது. மண்டபத்துக்காரன் ஜல்தி, ஜல்தின்னு பேஜாரு பண்றான். அஞ்சு காலி கீது. நானே எத்துக்கினு வந்துடட்டா?”

எனக்கு எதிரே லோடு லாரி நின்றது, இறங்கும் சிலிண்டர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

“சரி மாஸ்டர், கொண்டாந்துடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். மொத்தம் பத்து செகண்ட் பேசியிருப்பேன்.

3. வெங்காய மூட்டை

அரை மணி கழித்து மறுபடியும் அவரே கூப்பிட்டார். பின்னால் ஒரே சிரிப்பும் பேச்சும்.

“மேரிம்மா, குடோன் எத்தினி மணி வரிக்கும்? இங்க மழை பிச்சிக்கினு ஊத்துது. வண்டி மெதுவாத்தான் வருது.”

“கூட யாரு மாஸ்டர்?”

“நம்ம ஆளுங்கதான். வூட்டுக்காரி, சமையல் ஆளுங்க நாலு பேரு, டிரைவரு. சிலிண்டர படுக்க வச்சி மேல ஜமுக்காளம் விரிச்சிட்டோம். சீட்டு மாதிரி சோக்கா கீது!”

எண்ணுவதை நிறுத்தினேன். “என்ன வண்டிங்க?”

“வேனுதான். கண்ணாடியெல்லாம் ஏத்திட்டோம், ஒரு சொட்டு உள்ள வரல.”

அப்போது அவர் மனைவி கஸ்தூரியின் குரல் கேட்டது. “அந்த வெங்காய மூட்டைய தூக்கிப் போடுங்கன்னா கேக்கறீங்களா? நாத்தம் தாங்கல, தலைய வலிக்குது.”

“அழுவிப்போச்சி போல, மேரிம்மா” என்றார் மாஸ்டர் என்னிடம், ஏதோ நான் மூட்டையைப் பற்றிக் கேட்டதுபோல.

“மாஸ்டர், அது வெங்காயம் இல்ல. கேஸு. வண்டிய ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே.”

அவர் சொன்னார். வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

“சாவியத் திருப்பி ஆஃப் பண்ணட்டும். லைட்டு, ஃபேன், எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. எல்லாக் கதவையும் திறந்து போட்டுட்டு எல்லாரும் இறங்கி தூரமாப் போங்க. காத்து எந்தப் பக்கத்திலேர்ந்து வருதோ அந்தப் பக்கமா நில்லுங்க.”

“நனைஞ்சிடுவோமேம்மா...”

“நனைங்க மாஸ்டர்!” என்று நான் கத்தியதில் லாரியில் நின்ற லோடுமேன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கதவு இழுபடும் சத்தம், கஸ்தூரி யாரையோ அதட்டும் சத்தம். அப்புறம் லைன் போய்விட்டது. திரும்பப் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

மழையில் ஃபோன் நனைந்திருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு என்ன சொன்னது என்று எழுதப் பிடிக்கவில்லை. டெலிவரி டிரைவர் சேகரின் மூன்று சக்கர வண்டி காலியாக நின்றது. வால்வு மூடிகள், சோப்புத் தண்ணீர், தீயணைப்பான் மூன்றையும் அதில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். வழி முழுக்க சேகர் ஏதோ பேசிக்கொண்டே வந்தான். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

4. ஜமுக்காளக் குடை

செஞ்சி ரோட்டில் வேன் தெரிந்தது. கதவுகள் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன. கொஞ்ச தூரம் தள்ளி மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையின் வரப்பில் ஆறு பேர் ஜமுக்காளத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். ஆறு. மறுபடியும் எண்ணினேன். ஏகாம்பரம் மாஸ்டரோடு சேர்த்து ஏழு பேர் இருக்க வேண்டுமே?

“இங்க கீறேன், மேரிம்மா!” மாஸ்டர் வாய்க்காலில் குனிந்து ஃபோனைத் தேடிக்கொண்டிருந்தார்.

கஸ்தூரி என்னிடம் முதலில் சொன்னது இதைத்தான்: “டிரைவர் அண்ணன் குளுருதுன்னு பீடிய எடுத்தாருங்க. தீப்பெட்டியப் புடுங்கி சேத்துல போட்டு மிதிச்சிட்டேன். அதான் மொறைச்சிக்கினு கீறாரு.”

நான் சொல்ல மறந்த ஒரு விஷயத்தை அந்த அம்மாவாகவே செய்திருந்தார்.

வாடை கலையும்வரை காத்திருந்துவிட்டு நானும் சேகரும் வேனுக்குப் போனோம். ஒவ்வொரு வால்விலும் சோப்புத் தண்ணீர் விட்டதில் மூன்றாவது சிலிண்டர் கொப்புளம் கொப்புளமாக நுரைத்தது. ரெகுலேட்டரைக் கழற்றியதும் மேலே வர வேண்டிய வால்வு பின், பாதியில் சிக்கி நின்றிருந்தது. கொண்டுபோயிருந்த மூடியை அழுத்தி மாட்டினேன். நுரை நின்றது.

“இதோட மூடியெல்லாம் எங்க மாஸ்டர்?”

அவர் தலையைச் சொறிந்தார். “அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்ன பூசை போடுவோம் இல்ல? குங்குமம், விபூதி வைக்க கிண்ணம் மாதிரி வாட்டமா இருந்திச்சி. பிள்ளையாராண்டயே வச்சிட்டு வந்துட்டோம்.”

சேகர் சிரித்துவிட்டான். கஸ்தூரியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆனது. ஐந்துக்கும் மூடி போட்டு, சேகரின் திறந்த வண்டியில் நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்டினோம். கசிந்ததில் மட்டும் சாக்பீஸால் பெரிய இன்ட்டு போட்டேன், பிளான்ட்டுக்குத் தனியாகத் திருப்பி அனுப்ப. வெங்காய மூட்டையைப் பிரித்து முகர்ந்தும் பார்த்தேன். ஒரு வெங்காயம்கூட அழுகவில்லை.

5. கஸ்தூரி கேட்டது

“எங்க உசுர காப்பாத்திட்டம்மா” என்று மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

“கும்பிடாதீங்க மாஸ்டர். தப்பு என்னோடது. எந்த வண்டி, யார் வர்றாங்கன்னு எதுவும் கேக்காம கொண்டாங்கன்னு சொன்னது நான்தான்.”

கஸ்தூரி ஈரத் தலையை முந்தானையால் துடைத்தபடி, கோபமில்லாமல்தான் கேட்டார்: “நீங்க தெரிஞ்சவங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க கேக்க மாட்டமா?”

மறுநாள் முதலாளியிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “இனிமே என்ன செய்யப் போறீங்க?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு வேலையில் இருந்தவரை, காலியைக் கொண்டு வரட்டுமா என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். கொண்டு வராதீங்க. மூடியைப் போட்டு, வெளியில் நிழலான இடத்தில் நிமிர்த்தி வையுங்க, எங்கள் வண்டி வரும். வண்டி இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கு வரும். மண்டபத்துக்காரர் சத்தம் போட்டால் ஃபோனை அவரிடம் கொடுங்க, நான் பேசுகிறேன்.

இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகும். லாரி நிற்கட்டும், எண்ணிக்கை தப்பட்டும், முதலிலிருந்து எண்ணிக்கொள்ளலாம்.