எம்மா என்று ஒரு பெயர்

அமெரிக்காவுக்குப் படிக்க வந்ததிலிருந்து, என்னைவிட இரண்டு வயது சின்னவளான ஒரு பெண்ணைத் தினமும் எம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் பெயரே அதுதான். இங்கே சாதாரணமாக வைக்கிற பெயராம். எங்கள் குன்றத்தூர்ப் பக்கத்தில் காலில் முள் தைத்தாலும் காய்ச்சலில் புரண்டு படுத்தாலும் தானாக வாயில் வருகிற சொல் அது. மண் பரிசோதனைக் கூடத்தில் "எம்மா, அந்தச் சல்லடையை எடு" என்று சொல்ல முதல் மாதம் முழுவதும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவள்தான் என்னை ஒரு நடைப்பயணத்துக்கு இழுத்துப் போனாள். அக்டோபர் விடுமுறையில் மாணவர்கள் ஏழு பேர், யூட்டா பாலைவனத்தின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்குள் நான்கு நாள் நடக்க வேண்டும். கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் முதுகில். போனில் இதைச் சொன்னபோது, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுக் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்திருந்த என் அண்ணன், "ஏன், அந்த ஊர்ல பஸ்ஸு வுட மாட்டாங்களா?" என்று நிஜமான கவலையோடு கேட்டான். கிளம்புவதற்கு முன்பு எம்மா எல்லோரையும் விசாரித்தாள். தண்ணீரோடு உனக்குப் பழக்கம் உண்டா என்று என்னிடம் கேட்டாள். பெரிய ஏரிக்கரையில் பிறந்தவள், வாசலில் நின்றாலே தண்ணீர் தெரியும் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவளுக்கும் திருப்தி.

முதல் நாள் தோள்பட்டை எரிந்தது. இரண்டாம் நாள் சுமை உடம்போடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் பாறை, செங்கல் சூளையில் வெந்த நிறத்தில், அலை அலையாக மேலே போயிற்று. போகப் போக வழி குறுகி, கையை விரித்தால் இரண்டு சுவரும் விரலில் பட்டன. பேச்சுக் குறைந்து நடந்ததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. ஆங்கிலத்தில் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மதியம் ஒரு வளைவில் திரும்பியதும் முன்னால் போனவர்கள் உற்சாகமாகக் கூவினார்கள். வழியை முழுதும் அடைத்துக்கொண்டு ஒரு குளம் கிடந்தது. மழைத் தண்ணீர், வெயிலே படாமல் கறுத்திருந்தது. பைகளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி மிதக்கவிட்டு, நீந்திக் கடக்க வேண்டும்.

நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் அண்ணனும் பெரியப்பா பிள்ளைகளும் மதகிலிருந்து குதிப்பார்கள். நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் படியில் நின்று துணி அலசுவோம், முழங்கால் வரை. அதற்கு மேல் போனால் துணி உடம்பில் ஒட்டும், கரைமேல் ஆள் போகும். யாரும் அதட்டித் தடுத்ததில்லை. தடுக்க வேண்டிய அவசியமே வராமல் வளர்ந்தோம். அவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தும், அது என் கழுத்தைத் தொட்டதில்லை.

இதை எம்மாவிடம் சொன்னபோது அவளுக்குப் புரியவே நேரமாயிற்று. ஏரிக்கரையில் வளர்ந்தவளுக்கு நீச்சல் தெரியாமலிருக்கும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசினாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோருமாகத் திரும்பிவிடலாம், வந்த வழியும் அழகுதானே என்றார்கள். பையை மறுபடி முதுகில் மாட்டவும் தொடங்கிவிட்டான் ஒருவன். அதைப் பார்த்ததும்தான் எனக்கு எழ வேண்டும் என்று தோன்றியது. அவர்களுக்காக மட்டும் இல்லை. எனக்கே அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

பையை மார்போடு கட்டிப் பிடித்துக்கொள், அது மிதக்கும், காலை மட்டும் உதை என்றாள் எம்மா. சொல்லிக்கொடுத்துவிட்டு முன்னால் போனாள். இடுப்பு வரை வந்ததும் குளிரில் மூச்சு அடைத்தது. அடுத்த அடியில் தரை இல்லை. பை உருண்டது. வாயில் தண்ணீர் போயிற்று. நான் கத்தினேன். "யெம்மா!"

நான் கூப்பிட்டது யாரை என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. தன் பையை விட்டுவிட்டு நீந்தி வந்து என் முதுகுக்கடியில் கையைக் கொடுத்தாள். "வந்துட்டேன்" என்றாள் அவள் மொழியில். தலையைச் சாய்த்துக்கொள் என்றாள். சாய்த்தேன். காதுக்குள் தண்ணீர் ஏறி எல்லாச் சத்தமும் நின்றது. மேலே பாறைகளுக்கு நடுவில் கிழித்த துணி போல வானம் நகர்ந்தது. நான் மிதந்துகொண்டிருந்தேன். பயம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. முதுகு பாறையில் தட்டியபோது, இவ்வளவுதானா, அதற்குள் கரை வந்துவிட்டதே என்றிருந்தது.

வெயில் விழுந்த ஒரு திட்டில் எல்லோரும் காய்ந்தோம். சரியான நேரத்தில் என்னைக் கூப்பிட்டாய் என்று எம்மா பெருமையாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை. கூப்பிட்டதும் வந்தவள் அவள்தானே. அன்று அவள் கலக்கிக் கொடுத்த, உப்பே இல்லாத நூடுல்ஸை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் ஊருக்குப் போன் கிடைத்தது. எங்கள் தெருவில் போன் இருக்கிற மருந்துக்கடைக்கு அம்மா வந்து காத்திருந்தார். பேச்சு கடலைத் தாண்டிப் போய் வர ஒரு நொடி ஆகிறது. அந்த இடைவெளியில் நம் குரலே நமக்குத் திரும்பக் கேட்கும். பள்ளத்தாக்கைச் சொன்னேன், குளத்தைச் சொன்னேன், தலை வரை முழுகினேன் என்று சொன்னேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"தலய நல்லா தொவட்டினியா?" என்றார் அம்மா.

காய்ந்து சொரசொரவென்றிருந்த கூந்தலில் என் கை தானாகப் போயிற்று. "தொவட்டிக்கினேம்மா" என்றேன்.